சங்கக்கா பாடாத பாட்டு

ஒரு மனுஷியைப் பார்த்து, "வா, வரிசையில் நில், வாயை நன்றாகத் திற, ஆனால் சத்தம் மட்டும் வரக் கூடாது" என்று சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்? அதுவும் பாட்டுக் குழுவில், பாடவென்றே வந்தவளிடம்? பாட்டு மாஸ்டர் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம், அந்தச் சிரிப்பைத்தான் சங்கக்காவால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

சங்கக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆலைச் சங்கு ஊதினாற்போல் குரல் என்பதால் வேலை செய்யுமிடத்தில் வைத்த பெயர் இது. வேலை பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் ஆள் உயர உருளைகளில் விரிப்புகள் சுழன்று துவையும். இன்னொரு பக்கம் தண்ணீர் பிழியும் இயந்திரம் தரையே அதிரும்படி ஆடும். அதைத் தாண்டினால் சூடான இஸ்திரி உருளை. ஈர விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, சுருக்கமில்லாமல் இழுத்து, விரல் போகாமல் உள்ளே கொடுக்க வேண்டும். எதிர்முனையில் நிற்பவளிடம் "இழு", "விடு", "கையை எடு" என்று சொல்ல, நாலு இயந்திரங்களையும் தாண்டிக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் எதிரே நிற்பவளின் விரல் போய்விடும். வருஷக்கணக்கில் அப்படிக் கத்தினால் யாருடைய குரல்தான் குயில் மாதிரி இருக்கும்? ஆனால் கேட்கிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தால் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "மெதுவா பேசேன், பக்கத்து வீட்டுக்காரங்க பதில் சொல்லப் போறாங்க" என்பார். வெளியூரில் இருக்கும் மகன் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் பேசுவான். பஸ்ஸில் "ஸ்டாப்பிங்ல நிறுத்துங்க" என்றால் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இத்தனை வருஷமாக இந்த உலகம் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: சத்தத்தைக் குறை. அவளும் குறைத்துக் குறைத்துப் பார்த்தாள். குறையவில்லை என்றால் என்ன செய்வது, தொண்டையைக் கழற்றிப் பரணிலா போட முடியும்?

அப்படிப்பட்டவளுக்கு வாராவாரம் இரண்டு மணி நேரம், வாயைத் திறந்தால் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும் ஓர் இடம் கிடைத்தது.

அந்தக் குழு தொடங்கிய கதை வேடிக்கையானது. ஆஸ்பத்திரியில் மூச்சுக் கோளாறு வார்டு நர்ஸ் ஒருத்தி, நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி என்று சொல்லிப் பாடவைத்தாள். வெறுமனே ஊதச் சொன்னால் ஊத மாட்டார்கள், பாட்டென்றால் மறுக்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்த உறவுக்காரர்களும் சேர்ந்து பாடினார்கள். நோயாளிகள் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், பாட்டு போகவில்லை. வார்டில் இடம் போதாமல், நூலகத்துக்கு மேலிருந்த மாடி அறைக்கு மாறினார்கள். பள்ளிக்கூட வாட்ச்மேன், பிரெட் கடைக்காரர், தபால்காரர், பல் டாக்டரிடம் போன் எடுக்கும் சங்கக்காவின் தங்கை என்று ஆள் சேர்ந்துகொண்டே போனது. தங்கைதான் குழுவின் செயலாளர். அறைச் சாவி அவளிடம்.

நர்ஸுக்குப் பாட்டில் பெரிய ஞானமெல்லாம் கிடையாது. அவளுக்குத் தெரிந்தது மூச்சு. "எல்லாரும் ஒரே நேரத்துல மூச்சு வாங்காதீங்க. பக்கத்துல இருக்கறவங்க இழுக்கும்போது நீங்க தாங்குங்க. நீங்க இழுக்கும்போது அவங்க தாங்குவாங்க" என்பாள். அதைப் பழகிக்கொண்டபின் ஒரு நாள், பாட்டின் கடைசி வார்த்தையை நிறுத்தாமல் நீட்டினார்கள். யாருக்குமே அவ்வளவு மூச்சு இல்லை, ஆனால் சத்தம் அறுபடவில்லை. சங்கக்கா தன் குரல் எங்கே முடிகிறது, வாட்ச்மேன் குரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நின்றாள். கை ரோமமெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பெரிய மேளம் மாதிரி அறையே அதிர்ந்தது. சலவைக்கூடமும்தான் தினம் அதிர்கிறது, அதில் அவளுக்கு என்ன பங்கு? இந்த அதிர்வில் அவளும் இருந்தாள். அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். வழியில் தானாகச் சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்த தெருக்காரி ஒருத்தி, "என்ன லாட்டரி ஏதும் விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

நர்ஸுக்கு வேறு ஊருக்கு மாற்றலானது. அப்போதுதான் தங்கை மாஸ்டரைக் கூட்டி வந்தாள்.

குறை சொல்லக் கூடாது, மாஸ்டர் விஷயம் தெரிந்தவர். முறையாகப் படித்தவர், காது கூர்மை, பேச்சில் வெண்ணெய் வழியும். யாரையும் ஒருமையில் பேச மாட்டார். வந்த வேகத்தில் ஒரு போட்டியைப் பற்றிச் சொன்னார். பல ஊர்க் குழுக்கள் வரும் போட்டி. ஜெயித்தால் பெரிய ஆர்கெஸ்ட்ராவுடன் மேடையில் பாடலாம். அதைக் கேட்டதும் தங்கையின் முகம் மலர்ந்தது. அவளுக்கு உண்மையிலேயே நல்ல குரல். "டாக்டர் இப்ப பிஸியா இருக்கார், லைன்லயே இருங்க" என்று சொல்லிச் சொல்லியே வீணாகிப்போன குரல். மாஸ்டர் தனியாகப் பாடும் பகுதியை அவளுக்குக் கொடுத்தார். அவள் குரல் எடுபட வேண்டும் என்று பாட்டின் சுருதியையும் ஏற்றிவைத்தார். படகோட்டியைக் கரையிலிருந்து கூப்பிடும் பாட்டு. "காற்று ஓய்ந்தது, கரைக்கு வா" என்று முடியும். ஏறிய சுருதியில் அந்த "வா" வரும்போது சங்கக்காவின் குரல் பிசிறடித்தது. அவளுக்கே தெரிந்தது. பழகினால் சரியாகும் என்று சலவைக்கூடத்தில் விரிப்பை இழுத்துக்கொண்டே பாடிப் பழகினாள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, உங்க முகம் இருக்கே, அது ஒரு பொக்கிஷம். பாட்டோட உணர்ச்சி அப்படியே தெரியுது."

சங்கக்காவுக்கு வாயெல்லாம் பல்.

"அதனால போட்டியில நீங்க முகத்துல மட்டும் காட்டுங்க, போதும். வாயை நல்லா அசைங்க. சத்தம் வேண்டாம்."

"புரியலையே தம்பி."

"உங்க குரல் கொஞ்சம் தனியா தெரியுதுக்கா. கலக்க மாட்டேங்குது. யாருகிட்டயும் சொல்லிக்காதீங்க, உங்க மனசு சங்கடப்படக் கூடாதேன்னுதான் தனியா கூப்பிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பு.

நாற்காலியைத் தூக்கி அவர் தலையில் போட்டிருக்க வேண்டும். கதை சொல்கிற எனக்கே கை பரபரக்கிறது. ஆனால் சங்கக்கா என்ன செய்தாள் தெரியுமா? தலையாட்டினாள். நாற்காலியை ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டுப் படியிறங்கினாள். அவமானம் அப்படித்தான் செய்யும், அடித்தவனுக்கே நன்றி சொல்ல வைக்கும். வீட்டில் கணவரிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் அவரும் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார். அதைக் கேட்க வேறு வேண்டுமா?

அடுத்த வாரம் சொன்னபடி வாயை மட்டும் அசைத்தாள். பாடுகிறபோது நம் குரல்தான் நம் காதில் முதலில் விழும். அன்று அது இல்லாததால், மற்றவர்களின் குரலை முதல்முறையாகத் தனித்தனியாகக் கேட்டாள். முன்வரிசையில் தங்கையின் குரல் மணி மாதிரி ஒலித்தது. வலப்பக்கத்தில் ஒரு பெண் மெல்லியதாகப் பாடினாள். இடப்பக்கத்தில் நின்றவர் வாட்ச்மேன். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அடித்தொண்டைக் குரல் அவருக்கு. அந்தப் பக்கமிருந்து ஒன்றுமே கேட்கவில்லை.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வாட்ச்மேன் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். புருவம் மேலே ஏறியிருந்தது, கண்ணில் ஏக்கம் வழிந்தது, சத்தம்தான் இல்லை. அவரும் அந்த நேரம் பார்த்துத் திரும்பினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி, "கரைக்கு வா" என்று சத்தமில்லாமல் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

பயிற்சி முடிந்ததும் அவரைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குமா?"

வாட்ச்மேன் செருப்பைப் பார்த்தார். "எனக்கு ரெண்டு வாரமா. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாரு. என் மனசு சங்கடப்படக் கூடாதாம்."

"என்கிட்டயும் இதையேதான் சொன்னாரு! ஒரு வார்த்தை மாறலை!"

"மெதுவா பேசுங்க, மேல கேக்கப் போகுது."

"கேக்கட்டுமே!" என்றாள் சங்கக்கா. பிறகு கீழே இறங்கி வந்த பிரெட் கடைக்காரரை நிறுத்தினாள். அவருக்கும் அதே. தபால்காரருக்கும் அதே. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் என்று நினைத்து, வீட்டில்கூடச் சொல்லாமல், வாரம் தவறாமல் வந்து வாயசைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அறையில் பாதிக்கு மேல் ஊமை நாடகம். மாஸ்டர் ஒவ்வொரு ஆளாக அணைத்துக்கொண்டே வந்திருக்கிறார், வீட்டில் ஆளில்லாத அறைகளின் விளக்கை அணைப்பது மாதிரி.

அன்றே தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை மேடைக்குக் கட்டப்போகும் புடவைக்குக் கரையோரம் தைத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தாள். அதிலேயே சங்கக்காவுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"உனக்குத் தெரியுமாடி?"

"அக்கா, உக்காரு முதல்ல."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றாள் தங்கை. "கோவிச்சுக்காத. ஒரே ஒரு நாள்தானே? போட்டி முடிஞ்சதும் பழையபடி எல்லாரும் பாடலாம்."

"அப்ப எங்களை எதுக்கு மேடையில ஏத்தறீங்க? நல்லாப் பாடறவங்க மட்டும் போக வேண்டியதுதானே?"

தங்கை புடவையை மடித்து ஓரமாக வைத்தாள். "முப்பது பேருக்குக் குறைஞ்சா சேத்துக்க மாட்டாங்க."

ஓஹோ. விஷயம் அதுதான். குரல் வேண்டாம், தலை வேண்டும். கடைக் கண்ணாடிக்குள் சட்டை மாட்டி நிற்கும் பொம்மைக்குக்கூட யாரும் முகத்தில் உணர்ச்சி காட்டச் சொல்வதில்லை, இவர்களுக்கு அந்த வேலையும் சேர்த்து. சங்கக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

"நான் வரலை. எங்க யாருமே வர மாட்டோம்."

தங்கை அழுதுவிட்டாள். அவள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை. "எனக்கு இதுவரைக்கும் என்னக்கா கிடைச்சிருக்கு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பெரிய மேடையில நின்னு பாடணும். உன்னால எனக்கு அது இல்லாமப் போகணுமா?"

பாடும் ஆசை எப்படிப் பிடித்து ஆட்டும் என்று சங்கக்காவுக்குத் தெரியாதா? தன் ஆசையைப் பிடுங்கிக்கொண்டு அதையே தன்னிடம் கேட்கிறாள் என்று ஆத்திரமும் வந்தது, இவளைத் தூக்கி வளர்த்த கையென்று பாசமும் வந்தது. கடைசியில் "நிக்கிறேன். உனக்காக நிக்கிறேன். ஆனா ஒண்ணு, உன் மாஸ்டர் என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். மற்றவர்களிடமும் அவளேதான் பேசி நிற்கவைத்தாள்.

போட்டி நடந்த அரங்கம் பெரியது. மேடைக்குப் பின்னால் ஒவ்வொரு குழுவும் சுவரைப் பார்த்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது. இவர்களில் பாதிப் பேருக்குத் தொண்டையைச் சரிசெய்ய வேண்டிய அவசியமே இல்லை. பிரெட் கடைக்காரர் மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் வந்து, "முகம், முகம், மறந்துடாதீங்க" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார்.

மேடையேறினார்கள். தங்கை அருமையாகப் பாடினாள், அதில் பொய் சொல்வதற்கில்லை. அவள் குரல் ஏற ஏற, பின்வரிசையில் நின்ற சங்கக்காவுக்குக் கோபமும் ஏறியது. நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கிறாள், அதை எங்கே விடுவது? வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, தொண்டையில் வந்து நிற்பதை விழுங்க வேண்டியிருக்கிறது. வாட்ச்மேனின் தோள் பக்கத்தில் நடுங்குவது தெரிந்தது. "கரைக்கு வா" என்ற இடத்தில் ஆத்திரம் தாங்காமல் அவள் கண்ணில் நீர் கோத்து, கன்னத்தில் வழிந்தது. துடைக்கவில்லை. கையை அசைக்கக் கூடாது என்றும் உத்தரவு.

கைதட்டல் காதைப் பிளந்தது. முதல் பரிசு இவர்களுக்குத்தான். மாஸ்டர் ஓடி வந்து தங்கையின் கையைக் குலுக்கினார். கோப்பையைக் கொடுக்கும் முன் நடுவர்களில் மூத்தவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நல்ல மனிதர், மனதில் பட்டதைச் சொல்கிறவர் போலிருக்கிறது.

"இந்தக் குழுவோட ஜீவன் எங்க இருக்கு தெரியுமா? பின்வரிசையில. அந்த அம்மா பாடும்போது கண்ணுல தண்ணி வந்துது. படகுக்காரனுக்காகத் தவிக்கிற தவிப்பை அந்த முகத்துல பார்த்தேன். இத்தனை வருஷத்துல இப்படி உருகிப் பாடினவங்களை நான் பார்த்ததில்லை. அம்மா, இப்படி முன்னால வாங்க. அந்தக் கடைசி வரியை நீங்க மட்டும் ஒரு தடவை பாடுங்க."

அவர் விரல் சங்கக்காவை நோக்கி நீண்டது.

மாஸ்டரின் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. தங்கை கோப்பைக்காக நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். சங்கக்கா முன்னால் நடந்து வந்தாள். தங்கையைக் கடக்கும்போது, "அக்கா, தொண்டை சரியில்லைன்னு சொல்லிடு" என்ற முணுமுணுப்பு கேட்டது. சொல்லியிருக்கலாம். சொன்னால் கோப்பை வரும், தங்கைக்கு ஆர்கெஸ்ட்ரா வரும். ஆனால் மாஸ்டரும் அதைத்தானே சொல்வார்? இந்தத் தொண்டை சரியில்லை என்று உலகம் முழுக்கச் சொல்லிவிட்டது. இனி அவள் வாயாலும் அதைச் சொல்ல வேண்டுமாம்.

"ஐயா, நான் பாடலைங்க" என்றாள். ஒலிபெருக்கியே தேவைப்படவில்லை, கடைசி வரிசை வரை கேட்டது. "பாடக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க பாத்தது தவிப்பு இல்லைங்க, கோவம். வயித்தெரிச்சல். எனக்குப் பக்கத்துல நின்னவரும் பாடலை, அவருக்குப் பக்கத்துல நின்னவரும் பாடலை. எங்களைத் தலைக்கணக்குக்கு நிறுத்தியிருக்காங்க. நீங்க கேட்டதால பாடறேன். எப்படி இருக்குன்னு அப்புறமாச் சொல்லுங்க."

பாடினாள். "காற்று ஓய்ந்தது, கரைக்கு வா." அந்த ஏறிய சுருதியிலேயே பாடினாள். "வா" உச்சத்துக்குப் போனபோது, எதிர்பார்த்தபடியே குரல் பிசிறடித்துக் கிழிந்தது. அரங்கில் யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. மூச்சு தீரும் தறுவாயில் பின்னாலிருந்து கிணற்றுக் குரல் வந்து அந்த "வா"வைத் தாங்கிக்கொண்டது. அவர் மூச்சு வாங்குவதற்குள் தபால்காரர் வந்தார். பிரெட் கடைக்காரர் வாயில் மிட்டாயோடு வந்தார். கேட்க அப்படியொன்றும் இனிமையில்லை, ஆனால் மேடைப் பலகை அதிர்ந்தது. சிரித்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். தங்கை மட்டும் பாடவில்லை.

கோப்பை இரண்டாவதாக வந்த குழுவுக்குப் போனது. பாடாதவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றார்கள், அது நியாயம்தான். மாஸ்டர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும் வேனில் எல்லோரும் கத்திப் பாடிக்கொண்டு வந்தார்கள். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் சங்கக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு பாடாமல் இருந்தாள். தங்கையின் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்பது அவளுக்குத் தெரியும். செய்தது தப்பில்லை என்பதும் தெரியும்.

பாதி வழியில் தங்கை, ஜன்னலைப் பார்த்தபடியே, கடுகடுவென்று சொன்னாள்: "உச்சத்துல பிசிறடிச்ச."

"ஆமா, அடிச்சேன். அதுக்கு என்ன இப்ப?"

"சுருதி ஏத்தம். அடுத்த வாரம் ஒரு கட்டை இறக்கிடலாம்."

சங்கக்கா அவள் பக்கம் திரும்பினாள். "இறக்கினா உன் குரல் எடுபடாதேடி."

"எடுபடாட்டி என்ன? நான் வாயை மட்டும் அசைக்கிறேன்."

"அசைச்சுப் பாரு!" என்று சங்கக்கா போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை அழுத்தினார். "பல்லைத் தட்டிக் கையில குடுத்துடுவேன்!"